பாடசாலைக்கு முன்னால் மூடிக்கிடக்கும் பணிஸ் கடை



கொஞ்சம் நீளமான பதிவு. ஊரில் சின்னக் கடை போட்டிருப்பவர்கள், போட நினைப்பவர்கள், பேக்கரி முதலாளிமார், பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பவர்கள் நேரமெடுத்து வாசியுங்கள். எங்களைப் போல மாதச் சம்பளம் எடுப்பவர்கள் கட்டாயம் வாசியுங்கள்.

எங்கள் பாடசாலைக்கு முன்னால் இருந்த அந்தச் சின்னக் கடை மூடி மூன்று கிழமை ஆகிறது. பேக்கரியில் மொத்தமாக எடுத்து வந்து பணிஸ், பாண், ரோல்ஸ், பெட்டிஸ் விற்ற கடை. போன கிழமை அதன் கண்ணாடிப் பெட்டியை ஊர் வாங்க-விற்கக் குழுமத்தில் அரை விலைக்குப் போட்டிருந்தார்கள். பிள்ளைகள் ஒட்டிய ஸ்டிக்கர்கூட இன்னும் உரிபடாமல் அந்தப் பெட்டியில் இருந்தது. படத்தைப் பார்த்ததும் எங்கள் ஓய்வறையில் கொஞ்ச நேரம் யாரும் கதைக்கவில்லை.

கடைக்காரி எங்கள் மாணவன் ஒருவனின் உம்மா. கணவர் மௌத்தாகி, இத்தா முடிந்து, இரண்டு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று யோசித்து இந்தக் கடையைத் திறந்தவர். திறந்த அன்று துஆ ஓதியது எங்கள் இஸ்லாம் பாட ஆசிரியர்தான். பதினொரு மாதம் ஓடியது.

மூடியதும் ஊர் வழக்கப்படி கதைகள் வந்தன. "பொம்புளப் புள்ளைக்கு என்னத்துக்கு யாவாரம்" என்றார்கள். "கண்ணூறு பட்டுட்டு" என்றார்கள். "நஸீப் அவ்வளவுதான்" என்று முடித்தவர்களும் உண்டு. கழா கத்ரை நம்புகிறவர்கள்தான் நாங்களும். ஆனால் கூட்டல் கழித்தலில் இருக்கிற பிழையை நஸீபின் தலையில் போடுவது சரியில்லை. அந்தக் கடை ஏன் மூடியது என்று உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். பார்த்தபோது எங்களுக்கே வெட்கமாக இருந்தது. ஏன் என்று பிறகு சொல்கிறோம்.

முதலில் இந்த வியாபாரம் எப்படி ஓடுகிறது என்று பார்ப்போம். ஒன்பதாம் தரப் பிள்ளைக்கு விளங்குகிற கணக்குத்தான். விலைகளை இலகுவுக்காகப் போடுகிறோம். பேக்கரி ஒரு பணிஸை 50 ரூபாய்க்குத் தருகிறது, கடையில் 60 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு எடுத்தால் 5000 ரூபாய். நூறும் விற்றால் 6000. இலாபம் ஆயிரம். "ஒரு நாளைக்கு ஆயிரமா, மாசம் முப்பதாயிரம்" என்று எல்லோரும் கணக்குப் போடுவது இந்த இடத்தில்தான். இதோடு நிறுத்திவிடுகிறார்கள்.

பத்து மிஞ்சினால்? வரவு 5400. இலாபம் நானூறுக்கு இறங்கிவிட்டது. நூறில் பத்துத்தான் மிஞ்சியது, ஆனால் இலாபத்தில் போனது நூற்றுக்கு அறுபது. பதினேழு மிஞ்சினால் 83 பணிஸ், 4980 ரூபாய். விடியக் காலையில் எழும்பி, வெயிலில் நின்று, பின்னேரம் இருபது ரூபாய் நட்டத்தோடு வீட்டுக்குப் போகவேண்டும். கடை வாடகை, கரண்ட், பேக்கரிக்குப் போய்வந்த த்ரீவீல் காசு ஒன்றும் இதில் சேர்க்கவில்லை.

இப்போது கடனைச் சேருங்கள். எண்பது காசுக்கு, இருபது கொப்பியில். நூறும் விற்றுவிட்டது, பெட்டி காலி, பார்ப்பவர்கள் மாஷா அல்லாஹ் என்கிறார்கள். ஆனால் கையில் 4800 ரூபாய். நாளை விடிய பேக்கரிக்கு 5000 வேண்டும். வீட்டுக்கு ஒரு சதம் எடுக்காமலே இருநூறு ரூபாய் துண்டு விழுகிறது. கடைக்காரி அந்த இருநூறுக்கு யாரிடம் போவார்? பக்கத்து வீட்டு ராத்தாவிடம் ஒரு நாள், மதினியிடம் ஒரு நாள், மூன்றாம் முறை கிழமைக் கடன்காரரிடம். காதில் கிடந்தது ஈட்டுக்குப் போவது அதற்குப் பிறகு.

அந்தக் கொப்பியை நாங்கள் பார்த்தோம். அவர் காட்டவில்லை, நாங்கள்தான் வற்புறுத்திக் கேட்டு வாங்கினோம். நாற்பது பக்க சீஆர் கொப்பி. மூன்று பக்கத்துக்கு ஒரே தலைப்பு: "ஸ்கூல்". எங்கள் ஓய்வறைக் கணக்கு! இன்டர்வல் நேரத்துக்குப் பிள்ளையை அனுப்பி எடுப்பித்த ரோல்ஸ், கூட்டத்துக்கு வாங்கிய நாற்பது பெட்டிஸ், வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்த அன்று எடுத்த கேக். "சம்பளம் வந்ததும் தாறம் தங்கச்சி." அவரும் "பரவால்ல ஸேர், ஆறுதலா தாங்க" என்றுதான் சொல்லுவார். வேறு என்ன சொல்லுவார்? அவருடைய மகன் எங்கள் வகுப்பில் இருக்கிறான். காசு கேட்டால் பிள்ளையை ஒரு மாதிரிப் பார்ப்பார்களோ என்ற பயம் அந்த "பரவால்ல"வுக்குள் இருந்தது. பதினொரு மாதமாக அது எங்களுக்குக் கேட்கவில்லை.

குர்ஆனில் மிக நீளமான வசனம் தொழுகையைப் பற்றியதல்ல, நோன்பைப் பற்றியதல்ல. கடனை எழுதிக்கொள்வதைப் பற்றியது. சூரா பகராவின் 282ஆவது வசனம். சிறிதோ பெரிதோ தவணையோடு எழுதிவையுங்கள் என்று அதில் வருகிறது. அதை வகுப்பில் விளக்குகிற நாங்கள் ஒரு பணிஸ் கடைக் கொப்பியில் தவணை இல்லாமல் மூன்று பக்கம் கிடந்தோம். எழுதியவர் அந்தத் தங்கச்சி. திகதியும் அவரே போட்டிருந்தார். திருப்பிக் கொடுக்கும் திகதி மட்டும் எந்த வரியிலும் இல்லை.

எங்கள் பங்கு இது. பேக்கரிகளின் பங்கையும் சொல்லத்தான் வேண்டும். பெயர் சொல்லப்போவதில்லை. ஊரில் இருப்பதே ஒரு சில, எல்லோரும் தெரிந்தவர்கள், சொந்தக்காரர்கள்.

மிஞ்சிய பொருளைத் திருப்பி எடுப்பதில்லை என்பது இங்கே சில பேக்கரிகளின் சட்டம். எடுத்தது எடுத்ததுதான். பெரிய கடைகளுக்கு ரிட்டன் உண்டு, முப்பது பணிஸ் எடுக்கிற பெண்ணுக்கு இல்லை. ஆக, மழை பெய்தாலும், பாடசாலைக்குத் திடீர் லீவு அறிவித்தாலும், நட்டம் முழுக்கக் கடைசியாக நிற்கிற ஆளின் தலையில்தான்.

முதலாளிமார் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. ஒருவரிடம் இதைக் கதைத்தபோது அவர் திருப்பிக் கேட்டார்: "ஸேர், ரிட்டன் எடுத்தா அத நான் என்ன செய்ற?" நியாயமான கேள்வி. கோதுமை இந்த நாட்டில் விளைவதில்லை. அத்தனையும் கப்பலில் வருவது. டொலர் ஏறினால் மா ஏறும். இரவு முழுக்க நின்று போடுகிற பாஸ்மாருக்குச் சம்பளம், காஸ், விறகு. 2022இல் பதின்மூன்று மணி நேரம் கரண்ட் இல்லாமலும் காஸ் இல்லாமலும் எத்தனை போறணை அணைந்தது என்பதை நாமும் மறக்கவில்லை. திரும்பி வந்த பணிஸைக் கொட்டினால் அவருக்கு நட்டம். கொட்டாமல் நாளைய தட்டில் கலந்தால் அது வேறு கதை. ரசூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு வியாபாரியைக் கண்டித்த சம்பவம் நமக்குத் தெரியும். நேற்றைய மீன் பணிஸை இன்றைய பணிஸுக்கு அடியில் வைப்பதும் அதே குவியல்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆகவே "எல்லாவற்றையும் திருப்பி எடுங்கள்" என்று நாங்கள் சொல்லவில்லை. எங்கள் கோரிக்கை இரண்டு. ஒன்று, காலையில் ஒரு தரம், அஸருக்குப் பிறகு ஒரு தரம் என்று இரண்டு முறை எடுக்க விடுங்கள். நூறை ஒரேயடியாகத் தலையில் கட்டாமல் நாற்பது நாற்பதாகக் கொடுத்தால் மிஞ்சுவது தானாகக் குறையும். நீங்கள் பின்னேரமும் போடுகிறீர்கள்தானே. இரண்டு, மிஞ்சியதன் நட்டத்தில் பாதிக்குப் பாதி நில்லுங்கள். பத்துப் பணிஸ் மிஞ்சினால் ஐந்தின் விலையை அடுத்த நாள் கணக்கில் கழியுங்கள். பொருளைத் திருப்பி எடுக்கத் தேவையில்லை. அது அன்றிரவே யாராவது பசித்தவர் வீட்டுக்குப் போகட்டும், அல்லது கோழிக்குப் போகட்டும். இதனால் எந்தப் பேக்கரியும் விழாது. ஆனால் பதினேழு மிஞ்சிய நாளில் அந்தக் கடை விழாமல் நிற்கும்.

இனி, கடை போட நினைக்கிற சகோதர சகோதரிகளுக்கு. உபதேசம் என்று எடுக்காதீர்கள். பதினொரு மாதக் கொப்பியைப் பார்த்தவர்கள் சொல்வதாக எடுங்கள்.

பாடசாலைக்கு முன்னால் கடை என்றால் எல்லோருக்கும் ஆசை. பாடசாலை நடப்பது வருடத்துக்கு 200 நாளை ஒட்டித்தான். நமது முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு மாதம் முழுக்க லீவு. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்காக நேரத்தோடு விட்டுவிடுகிறோம், பன்னிரண்டு மணிக்குப் பணிஸ் வாங்க ஒரு பிள்ளை இல்லை. கடை வாடகைக்கு லீவு கிடையாது. அந்தத் தங்கச்சியின் முதல் பெரிய அடி நோன்பில்தான் விழுந்தது. நோன்பில் வியாபாரம் இல்லையென்று அர்த்தமல்ல. அஸருக்குப் பிறகு சமூசாவுக்கும் ரோல்ஸுக்கும் கட்லட்டுக்கும் சனம் அள்ளும். ஆனால் அந்தச் சனம் போவது பள்ளிவாசல் சந்திக்கு. பூட்டிய பாடசாலையின் கேற்றுக்கு யாரும் வரமாட்டார்கள். நோன்பு ஒரு மாதம் மேசையை இடம் மாற்றிப் போட்டிருந்தால் அந்த வருடமே வேறு மாதிரிப் போயிருக்கும். அவருக்கு அதைச் சொல்ல யாரும் இருக்கவில்லை. நாங்கள் லீவில் வீட்டில் இருந்தோம்.

எல்லாப் பொருளும் ஒன்றல்ல. பாணில் இலாபம் குறைவு, ஆனால் பாண் இருந்தால்தான் ஆள் கடைக்குள் வரும். ரோல்ஸ், மீன் பணிஸ், முட்டை வைத்த பெட்டிஸ் எல்லாம் இந்த வெயிலில் அன்றைக்கன்றே முடியவேண்டும். பின்னேரம் மணத்துப் பார்த்து "இன்னும் நல்லாத்தான் இருக்கு" என்று நாளைக்கு வைக்கிற பொருள் அல்ல. ரஸ்க், பிஸ்கட், வெறும் பட்டர் கேக் போன்றவை சில நாள் தாங்கும். புதிதாகத் தொடங்குபவர்கள் தாங்குகிற பொருளைக் கூட எடுத்து, தாங்காததைக் குறைத்து எடுப்பது நல்லது. நடப்பது நேர் எதிர். ரோல்ஸில் இலாபம் கூட என்று ஐம்பது ரோல்ஸ் எடுப்பார்கள். கிம்புலா பணிஸுக்குத் தனிக் கதை. சீனி தூவிய அந்த முதலைக்குச் சின்னப் பிள்ளைகள் உயிரை விடுவார்கள். எறும்பும்தான்.

கடையை முடிவு செய்யமுன் ஒரு கிழமை எண்ணிப் பாருங்கள். அந்தச் சந்தியில் விடிய ஆறிலிருந்து எட்டு வரை எத்தனை பேர் நடக்கிறார்கள், அதில் எத்தனை பேர் கையில் பாண் இருக்கிறது, சூண் பாண் த்ரீவீல் எத்தனை மணிக்கு அந்த வழியால் போகிறது. அந்த மெட்டைக் கேட்டதும் பிள்ளைகள் வாசலுக்கு ஓடுகிறார்கள். பீத்தோவன் எழுதிய மெட்டு அது, நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அது பணிஸின் சத்தம். வீட்டு வாசலுக்கே வருகிறவனோடு போட்டி போட்டு, நடந்து வரச் சொல்கிற கடை எப்படி வெல்லும் என்று யோசிக்கவேண்டும். அவனிடம் இல்லாத ஒன்று உங்களிடம் இருக்கவேண்டும். சுடுகிற தேத்தண்ணி ஒன்று போதும் சில இடங்களில்.

நம் ஊரின் இன்னொரு வியாதியையும் சொல்லவேண்டும். ஒருவர் பணிஸ் விற்றுப் பிழைக்கிறார் என்று தெரிந்தால் அதே ஒழுங்கையில் மூன்று மாதத்துக்குள் இன்னும் மூன்று பெட்டி. அதே பேக்கரி, அதே பணிஸ், அதே விலை. ரிஸ்க் அல்லாஹ்விடம் என்பது உண்மை. ஆனால் ஒழுங்கையில் இருப்பது நாற்பது வீடு. நான்கு கடையும் பத்துப் பத்தாக மிச்சம் பிடித்து, நான்கும் ஒன்றாகப் படுத்துவிடுகின்றன. பக்கத்தில் ஒருவர் பணிஸ் விற்றால் நீங்கள் இடியப்பம் விற்கலாம், பிட்டு விற்கலாம், தொதல் கிண்டலாம். கையால் செய்வதில் வேலை கூட, ஆனால் விலையை வைப்பது நீங்கள். எடுத்து விற்கிற பொருளில் வாங்கும் விலையையும் பேக்கரி சொல்லும், விற்கும் விலையையும் ஊர் சொல்லும். நடுவில் இருக்கிற பத்து ரூபாய்க்குள்தான் உங்கள் வாழ்க்கை.

சட்ட விசயம் சுருக்கமாக. வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதியுங்கள், உள்ளூராட்சி சபையில் அனுமதிப்பத்திரம் எடுங்கள், பீஎச்ஐயிடம் முதலே போய்க் கேளுங்கள். அவரைக் கண்டு ஒளிக்கவேண்டாம். முன்கூட்டிக் கேட்பவருக்கு நன்றாகச் சொல்லித் தருகிறவர்கள்தான் அதிகம். பணிஸைக் கையால் எடுத்துப் பத்திரிகைத் தாளில் சுற்றிக் கொடுப்பதை விடுங்கள், மை உணவில் ஒட்டுகிறது. பாண் விற்பவர்கள் ஒரு சின்னத் தராசு வையுங்கள். 2024 பெப்ரவரி வர்த்தமானிப்படி ஒரு இறாத்தல் பாண் 450 கிராம், அரை இறாத்தல் 225 கிராம். சுட்டது நீங்கள் இல்லை, ஆனால் காசு வாங்குவது நீங்கள். அளவை நிறுவையில் குறைப்பவர்களுக்கென்றே ஒரு சூரா இறங்கியிருக்கிறது. நிறை குறைந்த பாணைப் பேக்கரியிலேயே திருப்பிக் கொடுக்கிற தைரியம் தராசு இருந்தால்தான் வரும்.

பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கும் ஸகாத் பங்கிடும் சகோதரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கோபிக்கவேண்டாம். தொழில் உதவி என்று கண்ணாடிப் பெட்டி கொடுக்கிறீர்கள், தையல் மெசின் கொடுக்கிறீர்கள். கொடுக்கும்போது போட்டோவும் வருகிறது. அந்தத் தங்கச்சிக்கும் பெட்டி அப்படித்தான் கிடைத்தது. பெட்டிக்குள் வைக்கப் பொருள் எடுக்க அவர் கடன் எடுத்தார், கிழமைக்குக் கிழமை வட்டியோடு கட்டுகிற கடன். உதவி செய்த கையே ஆளை வட்டியின் வாசலில் கொண்டுபோய் விட்டதுபோல் ஆகிவிட்டது. நிச்சயமாக அது உங்கள் நோக்கமில்லை. இனி பெட்டியின் காசில் பாதிக்குச் சாமான் எடுத்துக் கொடுங்கள், மேசை போதும். மீதியை வட்டியில்லாக் கடனாக, கர்ழ் ஹஸனாக, மாதாமாதம் எட்டிப் பார்த்துக் கொடுங்கள். ஊரில் ஓய்வு பெற்ற கணக்குப் பாட ஆசிரியர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்! மாதம் ஒரு தரம் கொப்பியைப் பார்க்க ஒருவரைப் போடுங்கள். நாங்களும் வருகிறோம். ஆறாம் மாதம் யாராவது அந்தக் கொப்பியைத் திறந்து பார்த்திருந்தால் கடை மூடியிருக்காது என்பது எங்கள் அபிப்பிராயம்.

சிலர் சொல்லலாம், "கடன் கொடுக்காம கிராமத்துல யாவாரம் செய்ய ஏலாது" என்று. உண்மைதான். வயல் அறுவடைக்கும் கடல் தொழிலுக்கும் காத்திருக்கிற வீடுகளுக்குக் கடைக் கொப்பிதான் சோறு போடுகிறது. அவர்களுக்குக் கொடுக்கத்தான் வேண்டும். எங்கள் கோபம் எல்லாம், மாதம் தவறாமல் வங்கியில் சம்பளம் விழுகிறவர்கள் அதே கொப்பியில் இருப்பதைப் பற்றியது. இல்லாதவருக்குக் கொடுக்கவேண்டிய கடனின் இடத்தை இருப்பவர் பிடித்துக்கொண்டால், கடைக்காரி யாருக்குத்தான் கொடுப்பார்?

போன வியாழக்கிழமை எங்கள் மூன்று பக்கத்தையும் தீர்த்தோம். கூட்டிப் பார்த்தபோது, அந்தக் கண்ணாடிப் பெட்டியை விற்கப் போட்டிருந்த விலையைவிடக் கூட. மூன்று ஆசிரியர்கள் மாறுதலாகிப் போயிருந்தார்கள், அவர்களுடையதையும் போன் எடுத்துச் சொல்லி வாங்கிக் கொடுத்தோம். ஒருவர் மறந்தே போயிருந்தார். பெட்டியை விற்கும் பதிவையும் அழிக்கச் சொன்னோம். அவர் அழித்துவிட்டார், ஆனால் பழையபடி கடை எடுக்கும் யோசனை இல்லையாம். வீட்டு வாசலில் மேசை போட்டு, விடிய முப்பது பணிஸும் பத்து இறாத்தல் பாணும், பின்னேரம் பார்த்து இன்னொரு முப்பது, காசுக்கு மட்டும். ஒரு பேக்கரிக்காரர் பாதிக்குப் பாதி நட்டத்துக்கு ஒத்துக்கொண்டிருக்கிறார், ஒரு மாதம் பார்க்கிறேன் என்றிருக்கிறார். அல்லாஹ் அவருக்கும் பரக்கத் செய்யட்டும்.

கொப்பியில் இன்னும் பதினாறு பக்கம் தீராமல் இருக்கிறது. பெயர்களை நாங்கள் பார்த்தோம், இங்கே எழுதமாட்டோம். ஊரில் நல்ல நிலையில் இருப்பவர்களின் பெயர்கள்தான் கூட. அவருடைய வீடு உங்களுக்குத் தெரியும். சனிக்கிழமை விடிய ஆறு மணிக்கு மேசை போடுகிறார்.